கண்டி ஸ்டேஷன்ல நான் ஏத்திக்கிட்டு வந்த டொக்டர்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னுதான். கண்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் ஒரு ஆளை ஏத்திக்கிட்டு வரணும்.

அவ்வளவுதான். இதுல என்ன தப்பு நடக்கும்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

நான் கண்டிக்குப் பக்கத்துல, மலை மேல இருக்கிற ஒரு சின்ன கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துல லெக்சரர். பாடம் உளவளத்துணை. அதாவது, மனக்கஷ்டத்தோட வர்றவங்க சொல்றதை எப்படிப் பொறுமையா கேக்கிறதுன்னு பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கிறது. சிரிக்காதீங்க. நிஜமாவே அப்படி ஒரு பாடம் இருக்கு. சம்பளமும் தர்றாங்க.

எனக்குத் தகுதிகாண் காலம் முடியப் போற நேரம் அது. நிரந்தரமாக்கிறதுக்கு முன்னால வெளியில இருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து வகுப்புல உக்காருவாங்க. நான் ஒழுங்கா படிச்சுக் குடுக்கிறேனா, பிள்ளைங்க தலையில ஏதாவது ஏறுதான்னு பார்ப்பாங்க. அவங்க சரின்னு சொன்னா எனக்கு இந்த வேலை நிரந்தரம். சொல்லலைன்னா நாவலப்பிட்டியில எங்க மாமாவோட புடவைக்கடை நிரந்தரம்.

மாமா ஏற்கனவே எனக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார்.

காலையில மதிப்பீட்டாளருக்குச் சாப்பிடக் குடுக்கலாம்னு டவுன்ல பேட்டிஸ் வாங்கிக்கிட்டு இருக்கும்போது ஃபாதர்கிட்ட இருந்து கோல் வந்துச்சு. எங்க பல்கலைக்கழகத்துல கற்பித்தல் தரத்துக்கெல்லாம் பொறுப்பு இவர்தான்.

"தம்பி, மதிப்பீட்டாளர் கொழும்பு ரயில்ல வர்றாங்க. எனக்கு பிஷப் ஹவுஸ்ல மீட்டிங். உங்க வகுப்பைத்தானே பார்க்கப் போறாங்க, நீங்களே போய் கூட்டிட்டு வந்துடுங்க. கொஞ்சம் பழகின மாதிரியும் இருக்கும்."

"சரி ஃபாதர். பேர் என்ன?"

பேரைச் சொன்னார். சரியா அந்த நேரம் பார்த்து ஒரு பிரைவட் பஸ்காரன் என் முதுகுக்குப் பின்னால ஹோர்ன் அடிச்சான். எனக்குக் கேட்டது "டொக்டர்" மட்டும்தான்.

திரும்பக் கேட்டிருக்கலாம். ஆனா, காது குடுத்துக் கேக்கிறதைப் படிச்சுக் குடுக்கிறவன், "ஃபாதர், கேக்கலை"ன்னு எப்படிச் சொல்றது? மானம் இருக்குல்ல!

"சரி ஃபாதர், நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லி வச்சுட்டேன்.

நம்ம தமிழ்ல ஒரு வசதி இருக்கு. மரியாதையா "வர்றாங்க"ன்னு சொல்லிட்டா வர்றது ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது. அது எவ்வளவு பெரிய வசதியீனம்னு அன்னைக்குத்தான் விளங்குச்சு. ஏன்னா என் மண்டைக்குள்ள உடனே ஒரு படம் வந்துருச்சு: கோட்டு, கண்ணாடி, கையில ஃபைல், கொஞ்சம் தொப்பை. டொக்டர்னா ஆம்பளைதான்னு முடிவு பண்ணினது ஃபாதர் இல்ல. நான்.

ஸ்டேஷன் வாசல்ல காரை விட்டுட்டு நின்னேன். ரயில் வந்துச்சு. சனம் கொட்டுச்சு.

அந்தக் கூட்டத்துல இருந்து என் மண்டைக்குள்ள இருந்த படம் அப்படியே நடந்து வருது! கோட்டு. கண்ணாடி. ஃபைல். தொப்பை. கூடுதலா ஒரு வெள்ளைத் தொப்பி. வந்து ஒரு த்ரீவீல்காரன்கிட்ட எங்க பல்கலைக்கழகத்தோட பேரைச் சொல்லி, போக எவ்வளவுன்னு கேட்டார்.

நான் பாய்ஞ்சேன்.

"சேர்! சேர்! நீங்க எங்க யுனிவர்சிட்டியப் பார்க்க வந்தவங்கதானே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ மகன். பார்க்கத்தான் வந்த."

"கார் ரெடியா இருக்கு சேர்!"

"அட, கூட்டிட்டுப் போக காரும் அனுப்பறீங்களா? மாஷா அல்லாஹ்!"

எவ்வளவு எளிமையான மனுஷன்னு எனக்குள்ள நெகிழ்ந்துகிட்டே முன் கதவைத் திறந்து விட்டேன்.

அப்போ பின்னால இருந்து ஒரு குரல். "தம்பி, இது யுனிவர்சிட்டிக்குப் போற காரோ? நானும் அங்கதான் போறன்."

திரும்பிப் பார்த்தேன். பருத்திச் சேலை, குடை, தோள்ல ஒரு துணிப்பை. யாழ்ப்பாணத்து அம்மா. எங்க ஹொஸ்டல்ல வடக்குப் பிள்ளைங்க நிறைய இருக்காங்க. மாசத்துக்கு ஒரு அம்மாவாவது பருத்தித்துறை வடையோட வந்து இறங்குவாங்க.

"பிள்ளையப் பார்க்க வந்தீங்களா அம்மா?"

"ஓம் தம்பி, பிள்ளையளைப் பார்க்கத்தான் வந்தனான். நான் வந்து..."

"பரவால்ல அம்மா, ஏறுங்க ஏறுங்க. ஆறுதலா பேசிக்கலாம்." பின் சீட்டுல உக்கார வச்சு, பேட்டிஸ் பெட்டியைத் தூக்கி மடியில வச்சேன். "இதைக் கொஞ்சம் பத்திரமா புடிச்சுக்கங்க. சாப்பிட்டுறாதீங்க. சேருக்கு வாங்கினது."

அந்த அம்மா பெட்டியையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க.

வழி முழுக்க நான் சேர்கிட்டயே பேசிக்கிட்டு வந்தேன். கற்றல் பெறுபேறு, மாணவர் மையக் கற்பித்தல், தொடர் மதிப்பீடு. எனக்குத் தெரிஞ்ச பெரிய வார்த்தை எல்லாத்தையும் இறக்கினேன். சேர் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் சரி மகன். படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?"

ஆஹா! எவ்வளவு ஆழமான கேள்வி! நேரா அடிவேருக்கே வர்றாரே! நான் பட்டதாரிகளின் தொழில் தகைமை பத்தி ஒரு பிரசங்கம் வச்சேன்.

"ராவைக்கு ஹொஸ்டல் கேட் நேரத்தோட பூட்டுவீங்களா?"

மாணவர் நலன்! பாதுகாப்பு! எதையும் விடமாட்டார் போலிருக்கு!

பின்னால இருந்து அந்த அம்மா மெதுவா கேட்டாங்க. "தம்பி, இந்த ஐயாவும் மதிப்பீட்டுக்குத்தான் வந்தவரோ?"

அந்த "உம்"முக்கு நான் ஒரு கவனமும் குடுக்கலை. 'ஐயாவும்'. ரெண்டே எழுத்து. அதைக் கேட்டிருந்தா போதும், நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

"ஆமா அம்மா. பெரிய டொக்டர்"னு பெருமையா சொன்னேன்.

"அப்பிடியோ. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல"ன்னாங்க.

உங்களுக்கு எதுக்கும்மா சொல்லணும்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன்.

கம்பஸுக்கு வந்தாச்சு. சேரை இறக்கி வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். போற வழியில சேர் பாத்ரூமுக்குள்ள போய் டாப்பைத் திறந்து மூடிப் பார்த்தார். கதவை விரலால தட்டிப் பார்த்தார். ஜன்னல் கொண்டியை ஆட்டிப் பார்த்தார்.

"மகன், இந்த டாப் எல்லாம் மட்டமான சாமான். வருஷம் தாங்காது."

பௌதீக வளங்களையுமா பார்க்கிறாங்க! ஒரு மதிப்பீட்டாளர் டாப்பைத் திறந்து பார்த்து நான் கேள்விப்பட்டதே இல்ல. வேர்த்துருச்சு. "மேலிடத்துக்குச் சொல்றோம் சேர்"னேன்.

அப்போ செக்யூரிட்டி அண்ணன் ஓடி வர்றார். "சேர், உங்க கார்ல யாரோ இருக்காங்க. கண்ணாடியில தட்டுறாங்க!"

ஐயோ! என் கார்ல பின் கதவு உள்ளுக்குள்ள இருந்து திறக்காது. வெளியில இருந்துதான் திறக்கணும். ரெண்டு வருஷமா நாளைக்குச் செய்வோம், நாளைக்குச் செய்வோம்னு இருக்கேன். அந்த அம்மாவை அப்படியே உள்ள வச்சு மறந்துட்டு வந்துட்டேன்!

ஓடிப் போய் திறந்து விட்டேன். அவங்க முகமெல்லாம் வேர்வை. பேட்டிஸ் பெட்டி மட்டும் மடியில ஆடாம அசையாம இருக்கு.

"சொரி அம்மா, சொரி! உங்க பிள்ளை என் வகுப்புலதான் இருக்கும். வாங்க, பின்னால உக்காருங்க. பாடம் முடிஞ்சதும் பேசலாம்."

"எந்தப் பிள்ளை தம்பி?"

அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனா தெரியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? "உங்க பிள்ளைதான் அம்மா! நல்ல கெட்டிக்காரப் பிள்ளை!"

"அப்பிடியோ?"

"ஆமா. ஆனா ஒன்னு," குரலைத் தாழ்த்தினேன். "இன்னைக்கு வகுப்பு கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். முன்னால இருக்கிற சேருக்காக ஒரு சின்ன ஷோ. நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க."

"நான் ஒண்டும் யோசிக்கேல்ல தம்பி"ன்னாங்க. இப்போ அவங்க முகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு. ரெண்டாவது மதிப்பீட்டாளர் ஒருத்தர் இருக்கார்னு நினைச்சுக்கிட்டு, சரி, இந்தக் கூத்து எதுவரைக்கும் போகுதுன்னு பார்ப்போம்னுதான் அப்போ முடிவெடுத்தாங்களாம். பிறகு சொன்னாங்க.

சேர் முன் வரிசையில, அம்மா கடைசி வரிசையில. வகுப்பு தொடங்குச்சு.

முதல்ல ஜெபம். நான் முருகன் பக்தன். ஆனா இங்க வந்த பிறகு ஜெபம் சொல்லவும் பழகிட்டேன். அன்னைக்கு கர்த்தர், முருகன் ரெண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டேன்.

இப்போ ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். அந்தப் பாடத்தை முந்தின நாளே ஒரு தடவை நடத்தியிருந்தேன். யாரு எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொல்லணும்னு பிரிச்சுக் குடுத்து, "நாளைக்குப் புதுசா கேக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கங்க"ன்னும் சொல்லியிருந்தேன்.

"ஒருத்தர் கஷ்டத்தோட வந்தா நாம முதல்ல என்ன செய்யணும்?"னு கேட்டேன்.

ரொஷான் எழும்பணும். ரொஷானைக் காணோம். நான் கண்ணாலேயே வகுப்பைத் துழாவுறேன். முன் வரிசையில இருந்து பன்வில ஊர்க்காரி ஷாலினி எழும்பினா. இவ வாய் என் வகுப்புல பிரசித்தம்.

"சேர், ரொஷானுக்குக் காய்ச்சல். அவனோட பதிலை நான் சொல்லட்டா, இல்ல என்னோடதை மட்டும் சொல்லட்டா?"

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுச்சு.

நான் முன்னால இருந்த சேரைப் பார்த்தேன். கடவுள் இருக்கார்! சேர் கண்ணை மூடித் தலையை மெதுவா ஆட்டிக்கிட்டு இருக்கார். சில பெரியவங்க அப்படித்தான், கண்ணை மூடினாத்தான் கூர்மையா கேப்பாங்கன்னு நினைச்சேன்.

அப்போ குறட்டை வந்துச்சு.

மதிப்பீட்டாளரே தூங்குற அளவுக்கா நான் பாடம் நடத்துறேன்? மாமாவோட ஸ்டூல் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. ஏதாவது செய்யணும். உயிரோட்டமா, ஒத்திகை இல்லாம, அந்த ஆள் திடுக்கிட்டு எழும்புற மாதிரி ஏதாவது!

"சரி, செய்முறையாவே பார்ப்போம்! அம்மா, நீங்க கொஞ்சம் முன்னால வாங்க!"

கடைசி வரிசையில இருந்து அந்த அம்மா எழும்பி வந்தாங்க. எதிரும் புதிருமா ரெண்டு கதிரை போட்டேன்.

"பிள்ளைங்களே, நல்லாப் பாருங்க. இந்த அம்மா ஒரு பிரச்சினையச் சொல்லுவாங்க. நான் புத்தி சொல்ல மாட்டேன். குறுக்கக் கேள்வி கேக்க மாட்டேன். அவங்க சொன்னதை என் வார்த்தையில திருப்பிச் சொல்லுவேன். அப்போதான் நம்மளை ஒருத்தர் கேக்கிறார்னு அவங்களுக்கு நம்பிக்கை வரும். சொல்லுங்க அம்மா, உங்க மனசுல என்ன இருக்கு?"

அம்மா தொண்டையைச் செருமினாங்க. "நான் ஒரு வேலையா இஞ்ச வந்தனான் தம்பி. காலமையில இருந்து நான் ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

அருமையான பிரச்சினை! நான் முகத்தைக் கனிவா வச்சுக்கிட்டு முன்னால சாஞ்சேன். "யாரும் உங்களைக் கவனிக்கலைன்னு உங்களுக்கு வருத்தமா இருக்கு."

"ஓம். என்னைக் காருக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டும் போட்டினம்."

"அடைபட்ட மாதிரி ஒரு உணர்வு உங்களுக்குள்ள இருக்கு."

"உணர்வில்லைத் தம்பி. உண்மையாவே பூட்டினவை."

பிள்ளைங்க சிரிக்கிறாங்க. நான் விடலை. பயிற்சி பெற்ற உளவளத்துணையாளன் சிரிப்புக்கெல்லாம் அசைவானா? "ம்ம். இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."

"நான்தான் உங்கட வகுப்பை மதிப்பீடு செய்ய வந்த டொக்டர்."

நான் மெதுவா, ஆழமா, கருணையோட தலையை ஆட்டினேன்.

"நீங்க ஒரு டொக்டர்னு உங்களுக்குத் தோணுது."

இதைச் சொல்லி முடிக்கிறேன், கதவு திறந்துச்சு. ஃபாதர்! வெள்ளை அங்கி, முகம் நிறைய சிரிப்பு. நேரா அந்த அம்மாகிட்ட போய் ரெண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க டொக்டர், வாங்க! மன்னிக்கணும், மீட்டிங் இழுத்துருச்சு. எங்க தம்பி உங்களை நல்லாப் பார்த்துக்கிட்டாரா?"

இவங்க டொக்டர்னா... நான் மெதுவா முன் வரிசையைப் பார்த்தேன். என் பார்வையோடவே ஃபாதரும் பார்த்தார்.

"அப்போ இவர் யாரு?"

சத்தத்துல அவரும் முழிச்சுக்கிட்டார். தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு எழும்பி நின்னார்.

"நான் கம்பளை ஹாஜியார். ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிற. கொழும்பு போயிட்டு வர்ற வழியில, எங்கட மகளை இங்க சேர்க்கலாமான்னு பார்க்க வந்த. இந்த மகன்தான் மரியாதையா கார்ல ஏத்திட்டு வந்தது."

ஃபாதர் என்னைப் பார்த்தார். ஆண்டவரே, இவரை என்ன செய்யன்னு கேக்கிற பார்வை.

பாடம் அதோட முடிஞ்சுது. பிள்ளைங்களோட தனியா பேசணும்னு சொல்லி டொக்டர் எங்க எல்லாரையும் வெளியில அனுப்பிட்டாங்க. நான் தாழ்வாரத்துல நின்னுக்கிட்டு, புடவைக்கடையில சேலை மடிக்க எவ்வளவு நாள்ல பழகலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். ஹாஜியார் பக்கத்துல நின்னு ஆறுதலா ஒரு பேட்டிஸ் சாப்பிட்டார். மரக்கறி பேட்டிஸ்தானான்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான்.

"கவலைப்படாதீங்க மகன். ஒங்கட மனசு நல்ல மனசு."

மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டிய வார்த்தை. சொன்னது ஹார்ட்வெயார்காரர்.

கொஞ்ச நேரத்துல டொக்டர் என்னை உள்ள கூப்பிட்டாங்க. போனவுடனே, "மேடம், நான்..."னு தொடங்கினேன்.

"ஆறுதலா கதைப்பம். இருங்கோ தம்பி"ன்னாங்க. நான் காலையில அவங்களுக்குச் சொன்ன அதே வார்த்தை. இருந்தேன்.

"உங்கட பிள்ளையளோட கதைச்சனான். நீங்கள் நல்லாக் கேக்கிற ஆளாம். ஒரு பிள்ளை பிரச்சினையோட வந்தா கதவைச் சாத்தி, ஃபோனையும் நிப்பாட்டி வச்சிட்டு இருப்பீங்களாம். அந்த வாய்க்காரப் பிள்ளை சொல்லுது, தாய் ஆஸ்பத்திரியில கிடந்த நேரம் நீங்கள்தானாம் ஒவ்வொரு நாளும் அவளைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டது."

ஷாலினி! இவளுக்கு இதுவரைக்கும் எத்தனை தடவை "வாயை மூடு"ன்னு சொல்லியிருக்கேன்!

"அந்த மனிசனைத்தான் நான் பார்க்க வந்தனான் தம்பி. இண்டைக்கு அந்த மனிசன் வகுப்புக்கு வரேல்ல. வேற ஆரோ வந்து ஷோ காட்டினவர்."

நான் வாயைத் திறக்கலை. காலையில இருந்து நான் வாயைத் திறக்காம ஒருத்தரைக் கேட்டது அப்போதான் முதல் தடவை.

"பிள்ளையள் படிச்சிருக்கினம். அது எனக்குத் தெரியுது. ஆனா உங்கட பாடத்தை நான் இன்னும் பார்க்கேல்ல. பார்க்காததை நல்லம் எண்டும் எழுதேலாது, கூடாது எண்டும் எழுதேலாது."

சுருக்கமா சொன்னா, நான் பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. தகுதிகாண் காலம் இன்னொரு தவணைக்கு நீண்டுருச்சு. மாமா ஸ்டூலை எடுக்கலை. தூசி தட்டி ஓரமா வச்சிருக்கார்.

ஹாஜியார் மகளைச் சேர்த்துட்டார். அதுவும் என் பாடத்துக்கே! நம்ப முடியாம நானே கோல் எடுத்து ஏன்னு கேட்டேன். "பிரஷர் வந்த நாள்ல இருந்து எனக்கு ஒழுங்கா தூக்கமே இல்ல மகன். ஒங்கட வகுப்புல என்ன நிம்மதியா தூங்கின தெரியுமா? புள்ள படிக்க நல்ல அமைதியான இடம்"னார்.

போன கிழமை ஃபாதர் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த மாசம் டொக்டர் மறுபடியும் வர்றாங்களாம். வகுப்புல நான் என்ன வேணும்னாலும் நடத்தலாமாம், அவங்களுக்கு ஒரு நிபந்தனையும் இல்லையாம்.

ஸ்டேஷனுக்கு மட்டும் ஆள் அனுப்ப வேண்டாமாம். த்ரீவீல்ல வந்துக்கிறாங்களாம்.